தசை ஏன் இறுகுகிறது?

தேர்வுக் காலத்தில் மணிக்கணக்கில் குனிந்து எழுதுவோர்க்குத் தோள்பட்டையில் வலி எடுப்பதுண்டு. தடவிப் பார்த்தால் முறுக்கிய கயிறு போன்ற ஒரு பட்டை விரலில் தட்டுப்படும். அதில் ஓரிடத்தை அழுத்தினால் கழுத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் வலி பரவும். 'வாயுப்பிடிப்பு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அறிவியல் கூறும் காரணம் யாது?

தசை இழைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. இவை ஒன்றையொன்று ஒட்டிச் சறுக்குவதாலேயே தசை சுருங்குகிறது என்பதை 1954இல் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சுரந்ததும் தசை இழையினுள் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது.

சுருங்குவதற்குத்தான் ஆற்றல் வேண்டும், தளர்வதற்கு வேண்டியதில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு வந்து சேர்ந்தால்தான் மயோசின் தன் பிடியை விடும். கால்சியத்தை அதன் கிடங்குக்குத் திருப்பி அனுப்பவும் ஏ.டி.பி.யே தேவை. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைப்பது ஏ.டி.பி. தீர்ந்துபோவதால்தான்.

உயிருள்ள தசையிலும் ஒரு சிறு இடத்தில் இத்தகைய பற்றாக்குறை நேரக்கூடும் என்பது, அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராயிருந்த ஜேனட் டிராவலும், டேவிட் சைமன்சும் முன்வைத்த கருத்து. இவ்விருவரும் 1983இல் இத்துறையின் பெருநூலை வெளியிட்டவர்கள். அவர்கள் கருத்துப்படி, இறுகிய இழைகள் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகின்றன, உயிர்வளி குறைகிறது, ஏ.டி.பி. குறைகிறது, பிடி தளர்வதில்லை, நெருக்கம் மேலும் வளர்கிறது. இது ஒரு நச்சுச் சுழல்.

இக்கருத்து இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. இத்தகைய இடங்களில் அமிலத்தன்மையும் வலியூட்டும் பொருள்களும் மிகுந்திருப்பதை 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆயினும், ஒரே நோயாளியைத் தடவிப் பார்க்கும் இரு மருத்துவர்கள் ஒரே இடத்தைச் சுட்டுவதில்லை என்று மறுப்போரும் உளர்.

பளு தூக்கினால்தான் தசை இறுகும் என்பதில்லை. குறைந்த சுமையை நெடுநேரம் அசையாமல் தாங்கும்போது சில சிறு இழைகளே ஓய்வின்றி உழைக்கின்றன. தையற்காரருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் தோள் வலிப்பது இதனாலேயே என்று கருதப்படுகிறது. ஆகவே நண்பர்களே, எழுதும்போது இடையிடையே எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள். கை மரத்துப்போனாலோ, வலி நீடித்தாலோ தைலத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாடுங்கள்.