ஒரு வெள்ளி நகையைப் படிப்போம்

மத்திய ஆசியாவிலுள்ள தஜிகிஸ்தான் கடலே இல்லாத மலைநாடு. ஆயினும் அந்நாட்டின் பழைய வெள்ளிக் கழுத்தணிகளில் செம்பவளம் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடலில் வாழும் சிற்றுயிர்கள் உண்டாக்கும் பவளம் மலை ஏறியது எப்படி? மத்தியதரைக் கடலிலிருந்து வணிகர் கைமாறி வந்தது அது! பழைய நகையும் ஒரு புத்தகம்தான். அதைப் படிக்கக் கற்போமா?

முதலில் உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த 'ஜெர்மன் வெள்ளி'யில் வெள்ளி சிறிதும் இல்லை. நிறம் ஒன்றுபோல் இருப்பதால் அடர்த்தியைக் காண வேண்டும். கல் பதிக்காத, உள்ளே பொள்ளல் இல்லாத ஒரு காப்பின் எடை 63 கிராம் எனக் கொள்வோம். நூலில் கட்டி, நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுத்தால் 57 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, குறைந்த 6 கிராம் அது விலக்கிய நீரின் எடை. எனவே காப்பின் பருமன் 6 கன சென்டிமீட்டர். 63 ÷ 6 = 10.5. இது தூய வெள்ளியின் அடர்த்தி. செம்பு கலந்தால் சற்றுக் குறையும். ஜெர்மன் வெள்ளிக்கு ஏறத்தாழ 8.7 தான்.

அடுத்து கற்கள். பவளத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் நீளவாக்கில் மெல்லிய வரிகள் தெரியும். கண்ணாடிப் போலியிலோ காற்றுக் குமிழ்கள் தென்படலாம். பவளத்தின்மீது அமிலம் பட்டால் கார்பன் டைஆக்சைடு நுரைத்து வரும். ஆனால் அச்சோதனையைச் செய்யாதீர்கள்! நுரைக்கும்போதே பவளம் கரைந்து போகிறது. நீலப்பச்சை நிறமுள்ள பிரோசாக் கல் நுண்துளைகள் கொண்டது. எண்ணெயும் சோப்பு நீரும் ஊறி அதன் நிறம் மாறிவிடும். ஆகவே கல் பதித்த நகையை நீரில் அமிழ்த்தக் கூடாது.

இனி வயது. கழுத்தணியில் நாணயங்கள் தொங்கினால் ஆண்டைப் பாருங்கள். புகாரா நாணயங்களில் ஹிஜிரி ஆண்டு இருக்கும். ஹிஜிரி 1300 என்பது கி.பி. 1882–83. அதனுடன் 1924ஆம் ஆண்டுச் சோவியத் நாணயமும் இருந்தால், இன்றுள்ள வடிவில் அந்நகை 1924க்கு முன் கோக்கப்பட்டிருக்க முடியாது. பழைய நாணயம் மட்டும் இருப்பது பழைமைக்குச் சான்றாகாது. அதைப் புது நகையிலும் கோக்கலாம் அல்லவா?

நகையின்மீது படியும் கருமை, வெள்ளி சல்பைடு. அதை அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளியும் போகிறது. நுண்ணிய செதுக்கு வேலை மழுங்குகிறது. எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்: நகை எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்பதை அன்றே குறித்து வையுங்கள். வெள்ளியை எப்போதும் சோதிக்கலாம். தொலைந்த ஊர்ப்பெயரை எந்தத் தராசும் மீட்டுத் தராது.

பயிற்சி: ஒரு காப்பு காற்றில் 52.2 கிராம், நீரில் 46.2 கிராம். அது வெள்ளியா?