ஊட்டி பேரிக்காய்: வணிகர் கவனத்திற்கு

எமரால்டு, அவலாஞ்சி வட்டாரத்தில் பேரி பெரும்பாலும் தனித் தோப்பாக இல்லை. தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு நிலங்களின் ஓரத்தில் நிற்கும் மரங்களே. தேயிலையும் காய்கறியும் அடுத்தடுத்துப் பணம் தரும். பேரி ஆண்டுக்கு ஒருமுறைதான். பழைய மரம் சாய்ந்த இடத்தில் புதுக் கன்று வைக்க யாருக்கு மனம் வரும்? அறுவடையும் தென்மேற்குப் பருவமழையில் சிக்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டன. ஆகவே ஒரே மண்டியை நம்பி ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கடையில் நஷ்டம் வருவது வேறு வழியில். பேரியை மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளிருந்து கனியும்; தோல் பச்சையாக இருக்கையிலேயே நடுச்சதை பழுப்பாகிவிடும். அதனால்தான் முற்றிய காயாகப் பறிக்கிறார்கள். கடையில் தினமும் காம்பருகே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கும் காயை அன்றே விற்றுவிடவும். சிப்பத்தில் அடிபட்ட காயையும் முதல் நாளே பிரித்து வைக்கவும். கீரை, கேரட் பக்கத்தில் பேரியை வைக்கவே கூடாது. அது விடும் எத்திலீன் வாயுவால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும்.

சீனப் பேரி இறக்குமதியை அரசு 2017-இல் நிறுத்தியது. எனினும் வேறு நாட்டு மென்மையான பழங்கள் வருகின்றன. அவற்றோடு நம் காயை ஒரே தட்டில் அடுக்காதீர்கள்; நறுக்கென்று கடித்து, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பவரே இதற்கு வாடிக்கையாளர்.