அமுக்கியது பேயல்ல

அதியன்னூர், பாறசாலை தொடங்கி கேரள எல்லைக்கு இந்தப்பக்கம் களியக்காவிளை வரை, உறக்கத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சில பேச்சுகள் உண்டு. அவற்றில் சில உடம்பைக் கெடுப்பவை.

நம்பிக்கை: உறங்கும்போது மூளையும் ஓய்ந்துவிடும்.

உண்மை: ஓய்வதில்லை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்ணை மூடி விழித்திருப்பவருக்கு நொடிக்கு 8 முதல் 13 அலைகள் ஓடும். ஆழ்ந்த உறக்கத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கி, அலைகள் உயரமாகும். மூளைப் புறணியின் நரம்பணுக்கள் கூட்டமாக அடங்கிக் கூட்டமாக எழுவதால் வரும் தாளம் இது. 1953இல் சிகாகோவில் ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் இன்னொன்றை அறிவித்தார்கள்: உறக்கத்தின் நடுவே கண்விழிகள் வேகமாக உருளும் கட்டம் ஒன்று வருகிறது, அப்போது மூளையின் அலைகள் விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கின்றன. கனவுகள் மிகுவது அப்போதுதான், எனவே இதைக் கனவு உறக்கம் என்போம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக மற்ற உறக்கமும் கனவு உறக்கமும் மாறி மாறி வரும்.

உறக்கத்தை வரவழைக்கவே மூளையின் அடியில், ஹைப்போதலாமஸின் முன்பகுதியில், தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. அந்த இடம் சிதைந்தால் உறக்கம் குலைந்துபோகும். எலிகளை வைத்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டில்லி எய்ம்ஸில் இருந்த வேலாயுதன் மோகன் குமார். பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

நம்பிக்கை: ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு நாலு மணி நேர உறக்கம் போதும், பழகிவிடும்.

உண்மை: களைப்புதான் பழகுகிறது. தொடர்ந்து குறைவாக உறங்குபவர்களைச் சோதித்தால், தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்லும்போதே கவனம் நாளுக்கு நாள் சரிவது தெரிகிறது. குளிர்ந்த பின்னிரவில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும். எனவே வெட்டுக்காரர் விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முன்னிரவிலும், கனவு உறக்கம் விடியலை ஒட்டியும் வருபவை. பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிறவர் அதிகம் இழப்பது கனவு உறக்கத்தை. எட்டு மணிக்கே விளக்கைக் குறைத்துப் படுக்க முடிந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். இரவில் கண்ணில் படும் வெளிச்சம் மூளையின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், ஆகவே டிவியையும் அணைத்தாக வேண்டும். வீட்டார் ஒத்துழைக்காமல் இது நடக்காது.

நம்பிக்கை: உச்சிவேளையில் உறங்கினால் மாடனோ யட்சியோ நெஞ்சில் ஏறி அமுக்கும்.

உண்மை: அமுக்குவது உண்மை, அமுக்குபவர்தான் இல்லை. கனவு உறக்கத்தில் மூளைத்தண்டு கைகால்களுக்குப் போகும் கட்டளைகளைத் தடுத்து வைக்கிறது. கனவில் ஓடுபவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமலிருப்பது அதனால்தான். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஜூவே 1959இல் பூனைகளிடம் இந்தத் தளர்ச்சியைக் காட்டினார். சில நேரம் நினைவு முன்னால் விழித்துவிடும், தடை விலகச் சற்றுத் தாமதமாகும். கண் திறந்திருக்கும், நா எழாது, நெஞ்சு கனக்கும், கனவின் மிச்சம் அறைக்குள் ஓர் உருவமாக நிற்கும். சில நொடியிலோ சில நிமிடத்திலோ தானே விலகிவிடும்.

பகலில் வருவதற்கும் காரணம் உண்டு. இரவில் கனவு உறக்கத்தை இழந்த மூளை, மதியம் கண்ணயர்ந்ததுமே அதற்குள் பாயக்கூடும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம். பயந்து நடுங்கி எழும் ஒருவரை, பெண்ணானால் இன்னும் கூடுதலாக, பேய் பிடித்தவர் என்று ஊர் சொல்வது பெரிய அநியாயம். அவருக்குத் தேவை கயிறும் தகடும் அல்ல, போதிய உறக்கம். பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளம், கொஞ்சம் குடித்தால் இன்னும் நன்றாக வரும்.

உண்மை: இரண்டும் தவறு. மது சீக்கிரம் கண்ணை மூட வைத்தாலும், முன்னிரவில் கனவு உறக்கத்தை நசுக்கி, பின்னிரவில் உறக்கத்தைத் துண்டாக்கும். தொண்டைத் தசையைத் தளர்த்திக் குறட்டையையும் கூட்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறித் தொடங்கினால் அது நோய். ஒரு ராத்திரி மூளையலை, மூச்சு, ரத்தத்தின் ஆக்சிஜன் எல்லாவற்றையும் பதிவு செய்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்ரீ சித்திரையில் உறக்கக் கோளாறுகளுக்கென்றே பிரிவு உள்ளது. வீட்டில் அப்படி மூச்சுத் திணறுபவர் இருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாமல் அழைத்துச் செல்லுங்கள்.