கத்தினால் நாய் போகுமா?

கேள்வி: டொக்டர், விடியப்புறம் சைக்கிளில் பால் கொண்டுபோகிறேன். எங்கள் ஒழுங்கை முடக்கில் நாலைந்து நாய்கள் நிற்கும். "அடிக், அடிக்" என்று கத்திக்கொண்டு வேகமாக மிதித்தால் இன்னும் மோசமாகக் கலைத்துக்கொண்டு வருகின்றன. பின்னேரத்தில் கட்டாக்காலி மாடுகள் பயிற்றைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகின்றன. வாயில்லாச் சீவன்களை அடிக்க மனம் வரவில்லை. சத்தம் போட்டே கலைக்க வழி உண்டா?
– வாசகி ஒருவர், அளவெட்டி

பதில்: உண்டு. தடி தேவையில்லை.

"அடிக்" என்ற சொல்லில் பிழையில்லை. அதைச் சொல்லும்போது உங்கள் கால் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். வாய் போ என்கிறது, கால் ஓடுகிறது. நாய் காலைத்தான் நம்பும். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். சுழலும் சில்லு அதை இன்னும் கிளப்பிவிடும்.

முடக்கு வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள். குரைத்துக்கொண்டு கிட்ட வந்தால் இறங்கிவிடுங்கள். சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டாக நில்லுங்கள். கண்ணுக்குள் உற்றுப் பார்க்கவும் வேண்டாம், முதுகைக் காட்டவும் வேண்டாம். பிறகு அடிவயிற்றிலிருந்து, தாழ்ந்த குரலில், ஒரேயொரு தரம் "அடிக்!" என்று சொல்லி நிறுத்துங்கள். கீச்சுக்குரலில் பத்துத் தரம் கத்துவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். பெரும்பாலான நாய்கள் நின்ற இடத்திலேயே நின்று குரைக்கும். நீங்கள் ஆறுதலாக நடந்து அவற்றின் எல்லையைத் தாண்டியதும் விட்டுவிடும்.

கல் எடுப்பதுபோலக் குனிவது எங்கள் ஊர் நாய்களுக்கு நன்றாகத் தெரிந்த பாஷை. ஆனால் தூரத்தில் நிற்கும்போது மட்டும் குனியுங்கள். கிட்ட வந்தபின் குனிந்தால் உங்கள் முகம் அதன் வாய்க்கு நேரே போய்விடும். வாலாட்டினால் சினேகம் என்றும் முடிவுகட்டாதீர்கள். உடம்பு விறைத்து, உயர்த்திய வால் விறைப்பாக ஆடினால் அது எச்சரிக்கை. எச்சில் வடியத் தள்ளாடி வரும் நாயிடம் எந்தக் குரலும் எடுபடாது. பக்கத்துப் படலைக்குள் போய்ச் சாத்திக்கொள்ளுங்கள்.

மாட்டின் கதை வேறு. அது துரத்தும் மிருகமல்ல, விலகும் மிருகம். நேர் பின்பக்கம் தவிரச் சுற்றவர எல்லாம் அதற்குத் தெரியும். தெரியாத அந்தப் பக்கத்தால் போய்க் கத்தினால் வெருண்டு பாய்ந்து, தின்றதைவிட மிதித்தது கூடவாகிவிடும். முதலில் அது வந்த வேலிப் பொட்டைப் பார்த்து, வழியைத் திறந்துவிடுங்கள். பிறகு விலாப்பக்கமாக, கைகளை அகல விரித்து, "ஹை, ஹை" என்று தணிந்த குரலில் ஒவ்வொரு அடியாக நெருங்குங்கள். தோளுக்குப் பின்னால் நின்றால் மாடு முன்னே நடக்கும். தோளைத் தாண்டி முன்னே போனால் நின்றுவிடும் அல்லது திரும்பிவிடும். அது நடக்கத் தொடங்கியதும் நீங்கள் நின்றுவிட வேண்டும். விலகினால் தொல்லை இல்லை என்று அது பழகுவது அப்படித்தான். நாம்பன் தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறினால் உங்கள் முயற்சியை விட்டுவிட்டு, முகம் அதன் பக்கம் இருக்கப் பின்வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் நாய் கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே போங்கள். விசர்நாய்க் கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை.