நமக்கு முன் இந்த வீட்டில் யார்?

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம் பெரும்பாலும் பிறர் கட்டிய வீடுகளில்தான் குடியிருக்கிறோம். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். நமக்கு முன் அங்கே வாழ்ந்தவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வாசல் நிலை.

பல ஆண்டுகளுக்கு முன், மட்டாஞ்சேரி யூதர் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியேறினோம். கீழே சரக்குக் கிடங்கு, மேலே வீடு. கனமான வெட்டுக்கல் சுவர், மரத்தளம், ஓட்டுக் கூரை. நிலைக்கு மஞ்சள் பூசப்போன என் மனைவி, “இங்கே பாருங்க, ஏதோ குழி மாதிரி இருக்கே?” என்றாள். உள்ளே நுழைகையில் வலப்பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். மேலும் கீழும் ஆணித் துளைகள். பழைய அழைப்பு மணி இருந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனைக் கடைக்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. யூதர்கள் தங்கள் மறை வரிகளை எபிரேய மொழியில் தோல் துண்டில் கையால் எழுதி, சிறு உறையிலிட்டு, வாசலின் வலப்பக்க நிலைக்காலில் பொருத்துவார்கள். அதற்கு ‘மெசூசா’ என்று பெயர். வீட்டை வேற்று மதத்தவருக்கு விட்டுச் செல்லும்போது அதைக் கழற்றி எடுத்துப் போவது வழக்கம். உறை போய்விட்டது, தடம் தங்கிவிட்டது.

அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் செப்பேட்டில் வழங்கினான். அதன் எழுத்து, பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் நாம் காணும் அதே வட்டெழுத்து. அஞ்சுவண்ணம் என்ற பெயர் தமிழகக் கல்வெட்டுகளிலும் வருகிறது. மட்டாஞ்சேரியில் இவர்களின் பரதேசி ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபின், 1950-களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக அங்கே புறப்பட்டுவிட்டார்கள். இன்று யூதர் தெருவில் யூதர் கிட்டத்தட்ட எவரும் இல்லை, இருப்பவை கடைகள்.

ஊகமும் சான்றும்

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. நிலைக்காலின் தடம் ‘இங்கே ஒரு யூதக் குடும்பம் வாழ்ந்தது’ என்று சொல்லும். யார், எத்தனை பேர், எப்போது போனார்கள் என்று சொல்லாது. அதற்கு ஆவணம் வேண்டும். நாம் பத்திரம் என்பதைக் கேரளத்தில் ஆதாரம் என்கிறார்கள். நம் ஊர்த் தாய்ப்பத்திரம் போல இங்கே முன் ஆதாரம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றிலும் கைமாறிய வரலாறு கிடைக்கும்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கேட்டதும் பெட்டியைத் திறந்து பழைய ஆதாரத்தைக் காட்டினார். விற்றவர் ஒரு யூதப் பெண்மணி. எபிரேயத்தில் கையெழுத்து இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அழகான மலையாளத்தில் இருந்தது! வியந்திருக்கத் தேவையில்லை. அவர்களின் பேச்சு மலையாளம். அவர்களுடைய பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய பாட்டுகளும் மலையாளமே. வீட்டை விட்டுப் போனவர்கள் அந்தப் பாட்டுகளை எடுத்துப் போனார்கள்.

வேறு சிலவும் போயின. மட்டாஞ்சேரியில் 1544-இல் கட்டிய கடவும்பாகம் ஜெபாலயத்தின் மர வேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. இங்கே நின்ற கட்டடமோ 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

அதே ஆண்டு நிலைகளுக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் அடைப்பதற்குப் பட்டியைக் குழைக்கத் தொடங்கினார். “அதை மட்டும் விட்டுடுங்க” என்றேன். காரணம் வரலாற்று ஆர்வம் மட்டுமல்ல. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு நிலையிலும் கத்தியால் கீறிய கோடுகள் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா எங்களை நிறுத்தி உயரம் குறித்த கோடுகள். வீட்டை விற்றுவிட்டோம். அங்கே இப்போது குடியிருப்பவர் அதைப் பார்த்து என்ன நினைக்கிறாரோ? ஒரு வேளை பூசி மறைத்திருக்கலாம். மறைக்காதிருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இங்கே இன்னொருவரின் தடத்தைக் காத்தேன்.

குழந்தைகளுடன் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு நிலை, மாடம், சன்னல் கம்பி, தரை ஓடு ஆகியவற்றில் பழைய தடங்களைத் தேடுங்கள். கண்டது ஒரு பக்கம், ஊகித்தது மறு பக்கமாக எழுதுங்கள்.

2. பக்கத்து வீட்டு முதியவரிடம் கேளுங்கள். அவர் மலையாளத்தில் சொல்வதைப் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும்.

3. வீட்டுக்காரர் அனுமதித்தால் முன் ஆதாரத்தைப் பாருங்கள். பெயர்களை வெளியில் பரப்ப வேண்டாம்.

4. கடைசியாக, நீங்கள் விட்டு வந்த வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். யார் கட்டியது, எந்த அறையில் யார் பிறந்தார், நிலையில் என்ன கோடு இருந்தது என்று எழுதுங்கள். வீடு கைமாறிவிடும், அந்தத் தாள் நம் பிள்ளைகளிடம் இருக்கும்.