விமானமும் தூக்கு கருவியும்

பாரந்தூக்குதல் என்றவுடன் வலிமையொன்றே நம் நினைவிற்கு வருகின்றது. பத்து டன் எடையுள்ள பொருளுக்குப் பன்னிரண்டு டன் தாங்கும் கருவி போதுமென எண்ணுகின்றோம். ஆகாய விமானங்களைச் செப்பனிடும் கொட்டகையிலோ அக்கணக்கு அவ்வளவில் முற்றுப்பெறுவதில்லை. ஆங்குள்ள கருவி பாரத்தைத் தாங்குவதோடு, நிறுத்திய இடத்தில் நூலிழையும் பிசகாது நிறுத்தவும் வேண்டும். இவ்வுண்மையை 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நேர்ந்த ஒரு விபத்தினைக் கொண்டு ஆராய்வோம்.

டி.சி.10 என்னும் பெரிய விமானத்தில் மூன்று எஞ்சின்கள் உண்டு. அவற்றுள் இரண்டு, இறக்கைக்கு ஒன்றாக, பைலான் என்னும் உலோகத் தாங்கியினால் இறக்கையோடு பிணைக்கப்பட்டவை. எஞ்சினும் பைலானும் சேர்ந்து ஏறத்தாழ 13,500 பவுண்டு நிறையுடையன. முதலில் எஞ்சினையும், அதன் பின்னரே பைலானையும் கழற்ற வேண்டுமென்பது விமானத்தை அமைத்த மக்டானல் டக்ளஸ் கம்பெனியார் வகுத்த முறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியாரோ, விமானம் ஒன்றுக்கு ஒருவர் ஏறக்குறைய 200 மணி நேரம் செய்யும் வேலை மிச்சமாகுமெனக் கருதி, இரண்டையும் ஒருசேர ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தாங்கிக் கழற்றலாயினர்.

இதிலுள்ள இடர் யாது? நெம்புகோலின் விதியை நினைவு கூர்வோம். எஞ்சினும் பைலானும் சேர்ந்த பொருளின் புவியீர்ப்பு மையம், பைலானின் முன்மூட்டுக்குச் சுமார் 9 அடி முன்னால் உள்ளது. பின்மூட்டை முதலிற் கழற்றிவிட்டால், அப்பொருள் முன்மூட்டைச் சுழல்மையமாகக் கொண்டு அசையக்கூடும். அந்நிலையில் வண்டியின் கைகள் சிறிது தாழ்ந்தாலும் எஞ்சின் கீழ்நோக்கிச் சாயும். பைலானின் பின்முனை மேலெழும்பி இறக்கையிலுள்ள கவையின்மேல் மோதும். சரக்குகளை ஏற்றி அடுக்குவதற்கென ஏற்பட்ட அவ்வண்டி, எடையைத் தாங்கும் வலிமையுடையதே. இத்துணை நுண்மை அதற்கில்லை.

1979 மார்ச்சு மாத இறுதியில் துல்சா நகரில் ஒரு விமானத்திற்கு இவ்வேலை நடந்தபோது, பைலானின் பின்முனைத் தகடு விரிசல் கண்டது. அதனைக் கண்டவர் எவருமிலர். எட்டு வாரங்களுக்குப் பின், மே 25-ஆம் நாள், சிக்காகோ நிலையத்தில் அவ்விமானம் தரையைவிட்டு எழும் தறுவாயில் இடப்புற எஞ்சின் பைலானோடு பிய்ந்து வீழ்ந்தது. எண்ணெய் அழுத்தக் குழாய்கள் அறுபடவே, அப்புறத்து இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் உள்ளொடுங்கின. அவ்விறக்கை தூக்குவிசையை இழக்க, விமானம் இடப்புறம் கவிழ்ந்து வீழ்ந்தது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையிலிருந்த இருவரும் மாண்டனர். பின்னர் இம்முறையிற் கழற்றப்பட்ட வேறு சில விமானங்களைச் சோதித்தபோது, அவற்றிலும் அத்தகைய விரிசல்கள் காணப்பட்டன.

இதனின்று கருவி அமைப்போர் கொள்ளத்தக்க விதிகள் நான்கு. முதலாவது, தூக்குவிசை புவியீர்ப்பு மையத்தின் நேராகவே செல்ல வேண்டும். இரண்டாவது, தூக்கி நிறுத்திய பாரத்தை எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி விடலாகாது; விமான ஜாக்கிகளில் உள்ளது போன்ற பூட்டுமரை அதனைத் தாங்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு தாங்குமுனையும் ஏற்கும் பாரத்தை அளவுமானி காட்ட வேண்டும். ஒரு முனையில் பாரம் திடீரெனக் கூடின், எங்கோ தடை உளதென அறிந்து வேலையை நிறுத்தலாம். நான்காவது, கருவியை இயக்குவோன் மூட்டினைத் தன் கண்ணாலேயே காணுமாறு அது அமைய வேண்டும்.

மிச்சப்படுத்திய மணிகளை எண்ணுதல் எளிது. கண்ணுக்குப் புலப்படாத விரிசலை எண்ணுதல் அரிது. யந்திர நூல் பயில்கின்ற நாம், கருவி தாங்கும் எடையைக் கணக்கிட்டதோடு அமையாது, அது தவறினால் எப்பொருள் எத்திசையில் அசையும் என்பதையும் கணக்கிடப் பழகுவோமாக.