புக்கிட் ரோத்தான் தம்பிக்கு



இரண்டு எஸ்எஸ்டிகளை ஒரே டிரைவாகக் கட்டிய கதையைத் தம்பி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கிள்ளானில் கணினி பழுது பார்த்தே தலை நரைத்த இந்தக் கிழவன் அதை இரண்டு தடவை படித்தான். முதல் தடவை எரிச்சல். இரண்டாம் தடவை, ஓரிடத்தில் மட்டும், பொறாமை.

எரிச்சலை முதலில் கொட்டிவிடலாம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்த வேகச் சோதனைப் படம்: நொடிக்கு 6,500 எம்பி. தம்பி பார்ப்பது என்ன தொழில்? கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா வீடியோ. கேமராவில் இருக்கும் கார்டுக்கு யூஎச்எஸ்-1 தரம் வைத்த உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பிதான். 64 ஜிபி கார்டைக் காலி செய்யப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இந்தப் பக்கம் எத்தனை எஸ்எஸ்டி வாயைத் திறந்துகொண்டு நின்றாலும் அதே பன்னிரண்டு நிமிடம். 100 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோ ஓட நொடிக்கு 12.5 எம்பி போதும். நான்கு கேமராப் பதிவுகளை ஒன்றாக வைத்து வெட்டினாலும் 50. பழைய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றே 550 தருமே! விண்டோஸ் திறக்கும் நேரமும் பெரிதாகக் குறையாது. சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் டிரைவ் எத்தனை சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அந்த நேரம் பாதியாகிவிடாது.

அடுத்தது, 'பத்திரம்' என்ற அந்தச் சொல். இரண்டையும் இப்படி ரெய்ட் 0-வாகக் கட்டிவிட்டதால் படங்கள் பத்திரம் என்று எழுதத் தம்பிக்கு எப்படிக் கை வந்தது? 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் வெளியிட்ட ரெய்ட் கட்டுரையில் ஒன்று முதல் ஐந்து வரைதான் படிநிலைகள். பூஜ்யம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ரெய்ட் என்ற பெயரின் முதல் எழுத்தே உபரியைக் குறிக்கிறது: ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை கைகொடுக்கும். பூஜ்யத்தில் உபரி ஏது? கோப்பைத் துண்டு போட்டு இரண்டிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. ஒன்று போனால் மற்றதும் குப்பை. ஒவ்வொரு டிரைவும் ஒரு வருடத்தில் சாக நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்று வைத்தால், ஜோடிக்குக் கிட்டத்தட்ட நான்கு.

2004-இல் இந்தக் கிழவனும் இரண்டு 80 ஜிபி ஹார்ட் டிஸ்குகளை இப்படிக் கட்டித் திமிரோடு திரிந்தவன்தான். ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகப் படங்கள் அதில் இருந்தன. தோட்டம் கைமாறி, லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து நின்ற கடைசிப் படங்கள். ஒரு காலையில் ஒரு டிஸ்க் டிக் டிக் என்றது, அவ்வளவுதான். ஃபிலிம் காலமாக இருந்தால் கிராணி வீட்டுத் தகரப் பெட்டியில் நெகட்டிவாவது கிடந்திருக்கும். கோயில் தலைவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனிப் பொறாமை. இரண்டு எஸ்எஸ்டியும் சேர்ந்து 3,500-ஐத் தாண்டாதபோது தம்பி டிரைவைக் குறை சொல்லவில்லை. மதர்போர்டு கையேட்டைப் புரட்டி, எஸ்எஸ்டி செருகும் இரண்டு துளைகளும் சிப்செட்டில் தொங்குவதையும், அங்கிருந்து பிராசசருக்கு நொடிக்கு 4 ஜிபி போகும் ஒரே வழிதான் என்பதையும் பிடித்துவிட்டார். செம்பனை லோரிகள் எத்தனை வந்தாலும் தோட்டத்துப் பாதை ஒன்றுதானே! கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாமல் காலியாகக் கிடந்த, பிராசசருக்கே நேராகப் போகும் நீளத் துளையில் மலிவான அடாப்டர் போட்டு ஒன்றை அங்கே மாற்றினாரே, அபாரம். கடையில் வேலை பழகிய பையன்களில் ஒருவருக்கும் இது தானாகத் தோன்றியதில்லை. கிழவனுக்கும்தான்.

அந்தக் கட்டை இனி அவிழ்க்க வேண்டாம், வேலைத் தளமாக இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது எஸ்எஸ்டிக்குச் சேர்த்துவைக்கும் காசில் ஒரு சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கவும். முடிந்த வேலைகளை அதில் நகலெடுத்து, கேபிளைப் பிடுங்கி, மாலை இடி எட்டாதபடி அக்காள் வீட்டு அலமாரியில் வைக்கவும். முதலில், கடிதத்தில் தம்பி சொன்ன அந்தத் தீமிதி வீடியோவை.